கொள்ளையர் கடலுக்கு ஒரு வழித்துணை

லதா கடற்கொள்ளைக்காரர்களின் ஊருக்கு வேலைக்குப் போகப் போகிறாள் என்ற சேதியை, தாமுவே என்ற பர்மியப் பேட்டையின் சந்தை முழுக்கப் பரப்பியது வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார் விஜயகுமாரிதான். சந்தை வாசலில் தோசைக்கடை போட்டிருப்பவளுக்கு ஒலிபெருக்கி எதற்கு? கல்லில் மாவை ஊற்றிப் பரப்பினால், அது வேகிற நேரத்துக்குள் ஒரு சேதியைத் தலையும் வாலுமாகச் சொல்லி முடித்துவிடுவாள். பர்மியப் பெண்களிடம் பர்மியத்தில், நம்மவர்களிடம் தமிழில். கேட்டவர்கள் தோசையைக் கட்டி வாங்கிக்கொண்டதோடு சேதியையும் கட்டிக்கொண்டு போனார்கள்.

சிவநாதனுக்கு அது அலோன் துறைமுகத்தில் வைத்துத்தான் எட்டியது. அவன் அங்கே லாஞ்சில் சுக்கான் பிடிப்பவன். ஆற்றில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவதும் திரும்பக் கூட்டி வருவதும் வேலை. கூட வேலை பார்க்கும் கருப்பையா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "என்ன சிவநாதா, பொண்டாட்டியக் கொள்ளைக்காரனுக்குத் தாரை வார்க்கிறியாமே, கல்யாணச் சாப்பாடு எப்போ?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிவநாதனும் சிரித்தான். சிரிக்காவிட்டால் அவர்கள் சங்கடப்படுவார்களே.

அதுதான் சிவநாதன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் ஆநாதே என்ற குணம் கொஞ்சம் உண்டு. எதிரில் இருப்பவர் மனம் நோகுமே, அவருக்குத் தொந்தரவாகுமே என்று சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொல்வதற்குப் பர்மியர் வைத்திருக்கும் பெயர் அது. தமிழர்களும் ரத்தத்தில் கலந்தாற்போல அதைப் பழகிக்கொண்டார்கள். சிவநாதனுக்கு மட்டும் அது கொஞ்சம் அளவுக்கு மீறியே கலந்திருந்தது. உப்பில்லாத குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மனுஷன் அவன்.

சேதியில் பாதி உண்மையும் இருந்தது. ஜப்பானில், தீவுகள் நிறைந்த ஓர் உள்கடலின் கரையில், இமாபாரி என்றொரு ஊர். அங்கே ஒரு துவாலை ஆலையில் மூன்று வருஷ வேலை. லதா ஊருக்கு வெளியே லைங் தாயாவில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் கை வைத்துத் தைப்பவள். விடியுமுன் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஃபெரி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். அவள் தைத்தது எல்லாம் கைகள்தான். ஒரு முழுச் சட்டை எப்படி உருவாகிறது என்பதை அவள் இத்தனை வருஷத்தில் கண்ணால் பார்த்ததில்லை என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகத் தொடங்கியதுகூட, கூடத் தைக்கும் பெண் ஒருத்தி கூப்பிட்டாள் என்பதற்காகத்தான். அந்தப் பெண் இரண்டாம் வாரமே நின்றுவிட்டாள். லதா நிற்கவில்லை. பரீட்சையும் தேறினாள். பத்தாம் வகுப்போடு நின்றுபோனவளுக்கு, தன் பெயர் அச்சடித்த அந்தச் சான்றிதழ் கையில் வந்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆலை முதலாளி ஓச்சி என்ற வயதான அம்மாள். வீடியோவில் நேர்காணல். அதில் அவர் இரண்டு விஷயம் கேட்டிருந்தார். வருகிற பெண் ஒவ்வொருத்தியும் இமாபாரியைப் பற்றி ஜப்பானிய மொழியில் கொஞ்ச நேரம் பேச வேண்டும். கல்யாணமானவள் என்றால் புருஷனும் பக்கத்தில் உட்கார வேண்டும். அவனோடும் தான் பேச வேண்டும். மற்றப் பெண்கள் துவாலையையும், தீவுகளைக் கோத்துப் போகும் பாலத்தையும், ஆரஞ்சுத் தோட்டத்தையும் எடுத்துக்கொண்டார்கள். லதா அந்தக் கடலில் முன்னொரு காலத்தில் வாழ்ந்த கொள்ளைக்காரர்களை எடுத்துக்கொண்டாள்.

"போகட்டுமா?" என்று அவள் கேட்டபோது சிவநாதன், "உன் இஷ்டம்" என்றான். கல்யாணமான நாளாக அவன் வாயிலிருந்து ஆயிரம் தடவை வந்த சொல் அது. கருவாடு வாங்கட்டுமா என்றாலும் உன் இஷ்டம், வீடு மாறலாமா என்றாலும் உன் இஷ்டம். ஆனால் இந்தத் தடவை அதைச் சொல்லிவிட்டு அவன் எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினான். கொஞ்ச நேரம் கழுவினான்.

போக வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்ல மனம் வரவில்லை. வீட்டில் குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி, அழுது முடித்து, இப்போது பேசாமல் இருக்கப் பழகியிருந்தார்கள். அவனும் அவளும் விஜயகுமாரி அக்காவும்தான் வீடு. அதில் ஒருத்தி போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

வாரக் கணக்கில் லதா பேச்சைத் தயார் செய்தாள். மாலையில் மின்சாரம் வருகிற முறை என்றால் விளக்கடியில், இல்லையென்றால் பாட்டரி விளக்கைச் சுவரில் மாட்டிவிட்டு. கேட்கிறவன் சிவநாதன். முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பாள், பிறகு ஜப்பானிய மொழியில். அவனுக்குப் பின்னது ஒன்றும் புரியாது. ஆனாலும் தலையாட்டுவான்.

நோஷிமா என்று ஒரு தீவாம். உலையில் அரிசி போட்டுவிட்டுப் புறப்பட்டால் சோறு வடிக்கிறதுக்குள் சுற்றி வந்துவிடலாம், அவ்வளவு சின்னது. அதன் மேல்தான் அவர்களுடைய கோட்டை. மதில் எதற்கு? சுற்றிலும் ஓடுகிற நீரோட்டமே மதில். ஏற்றத்திலும் வற்றத்திலும் தண்ணீர் அங்கே கொதிக்கிற எண்ணெய்போலச் சுழலுமாம். ஊருக்குப் புதிய மாலுமி அதில் கப்பலை விட்டால் பாறைதான்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ திரும்பும் அந்தத் தண்ணி?" என்று கேட்டான் சிவநாதன். அந்தக் கதையில் அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

நம் ஆற்றைப்போலத்தான், இரண்டு ஏற்றம் இரண்டு வற்றம் என்றாள் லதா. அப்படியானால் அவர்கள் தண்ணீர் திரும்புகிற அந்தச் சின்ன நேரத்துக்காகக் காத்திருந்துதான் படகை எடுத்திருப்பார்கள், எங்கள் லாஞ்சும் அப்படித்தானே என்றான் அவன். அவள் கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். கரைப் பாறையில் வரிசையாகக் குழிகள். கம்பம் நட்டுப் படகு கட்டுவதற்காக அந்தக் காலத்தில் குடைந்தவை. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் படகு நிற்க வேண்டுமே, அதனால் மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்காகக் குழிகள். சிவநாதன் படத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தான். பார்த்துவிட்டு, "தொழில் தெரிஞ்சவங்க" என்றான்.

அன்றிலிருந்து அவனே கேட்க ஆரம்பித்தான். என்ன சாப்பிட்டார்கள்? மீனும் உலர்த்திய ஆக்டோபஸும் கரையிலிருந்து வாங்கின தானியமும். சண்டை இல்லாத நாளில் என்ன செய்தார்கள்? வலை பின்னினார்கள், படகுக்குப் பழுது பார்த்தார்கள், கோயிலில் கூடிப் பாட்டுக் கட்டினார்கள். ஒருத்தன் ஓரடி சொன்னால் அடுத்தவன் அதைப் பிடித்து அடுத்த அடி சொல்ல வேண்டும். கொள்ளைக்காரன் பாட்டுக் கட்டுகிறானா என்று விஜயகுமாரி முகவாயில் கையை வைத்துக்கொண்டாள். மாவரைக்க ஊறப்போட்டுவிட்டு அவளும் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"பாட்டுக் கட்டினா மட்டும் திருடன் திருடன் இல்லேன்னு ஆயிருமா?" என்றாள்.

லதா அதை மறைக்கவில்லை. அதற்கும் முந்திய காலத்தில் ஜப்பானியக் கொள்ளையர் என்று பெயர் வாங்கியவர்கள் கொரியாக் கரையிலும் சீனக் கரையிலும் இறங்கி நெல்லையும் ஆட்களையும் வாரிக்கொண்டு போயிருக்கிறார்கள்; பிற்காலத்தில் அந்தப் பெயரில் திரிந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஜப்பானியரே இல்லையாம். இந்தத் தீவுக்காரர்கள் கதை வேறு. இவர்கள் வழியில் நின்று சுங்கம் வாங்கினார்கள். வாங்கிக்கொண்டால் கப்பலைக் கரை சேர்ப்பது இவர்கள் பொறுப்பு. தங்கள் அடையாளம் எழுதிய கொடி ஒன்று கொடுப்பார்கள். அல்லது தங்கள் ஆள் ஒருத்தனை அந்தக் கப்பலில் ஏற்றி உட்கார வைப்பார்கள். அவன் கப்பலில் இருக்கிறவரை நீரோட்டமும் ஒன்றும் செய்யாது, வேறு கொள்ளையரும் கிட்ட வர மாட்டார்கள். தேசத்தையெல்லாம் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த ஒரு பிரபு, இனிமேல் கடலில் யாரும் இப்படி வாங்கக்கூடாது என்று ஆணை போட்டபிறகுதான் அவர்கள் காலம் முடிந்தது.

"காசு குடுக்காம விட்டா என்ன செய்வானுங்க?" என்று விஜயகுமாரி கேட்டாள்.

"அப்போ கொள்ளைதான், மதினி."

"அப்படிச் சொல்லு. ரோட்டுல கயித்தக் கட்டிட்டு நிக்கிறவன் எவனும் தன்னக் காவக்காரன்னுதான் சொல்லுவான்."

ஊர்ப்பக்கம் போய்வருகிற லாரிக்காரர்கள் கடையில் தோசை தின்றபடி சொல்லுகிற வழிமறிப்புக் கதைகளெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

விஜயகுமாரியே வேறொன்றும் கேட்டாள். அவ்வளவு சின்னத் தீவில் பெண்டுகள் எப்படிக் காலம் தள்ளினார்கள்? தீவில் கிணறே கிடையாதாம், எதிர்த் தீவிலிருந்து படகில்தான் தண்ணீர் வருமாம் என்றாள் லதா. புருஷன் படகெடுத்துப் போய்த் திரும்பி வராமல் இருந்தால்? லதா தேடித் தேடிப் பார்த்திருந்தாள். "அதப் பத்தி எங்கேயும் ஒண்ணும் காணோம், மதினி. படகுல போனவங்களப் பத்தித்தான் எழுதி வெச்சிருக்காங்க."

சிவநாதன் அன்றைக்கு அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. மறுநாள் லாஞ்சில் தனியாக இருக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. துவாலையும் ஆரஞ்சும் பாலமும் இருக்க, இவள் ஏன் இதைப் போய் எடுத்தாள்? பாறைக் குழியும் நீரோட்டமும் கப்பலில் ஏறி உட்காருகிற ஆளும் யாருக்குப் புரிகிற கதை? தான் கேட்க வேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறாள். தான் போகப்போகிற இடத்தை அவனுக்குத் தெரிந்த இடமாக்கிக் காட்ட முயன்றிருக்கிறாள். சுக்கானைப் பிடித்தபடியே அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆற்றுக் காற்றுக்குக் கண்ணில் நீர் வருவது சகஜம்தான், கருப்பையா கவனிக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஸயாமா வீட்டுக்கு வந்தார். லதாவுக்கு மொழி கற்றுக்கொடுக்கும் பர்மிய ஆசிரியை. பெயர் டோ கின் டுவே என்றாலும் எல்லோருக்கும் ஸயாமாதான். நேர்காணலுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்களுக்குச் சம்மதமா என்று நேரில் பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். வாழைப்பழச் சீப்போடு வந்தவரை விஜயகுமாரி தோசையும் சட்னியுமாக உபசரித்தாள். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டு ஸயாமா பர்மியத்தில், பெயருக்கு முன் 'கோ' என்று மரியாதை சேர்த்து, மென்மையாக, கோ சிவநாதனுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லையே என்று கேட்டார்.

வீடு தேடி வந்திருக்கிறார், படிப்பித்தவர், எதிரில் உட்கார்ந்திருக்கிறார். சிவநாதனுக்குள் இருந்த ஆநாதே முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. "யாபாதே, யாபாதே" என்றான். பரவாயில்லை, பரவாயில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஸயாமா இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவனைப் பதற்றப்படுத்தியது. மூன்று வருஷம் என்ன, ஐந்து வருஷம் என்றாலும் இருந்துவிட்டு வரட்டும் என்றான். அக்கா இருக்கிறாள், வீட்டில் ஒரு வேலையும் நிற்காது, எங்களுக்கு ஒரு குறையும் வராது என்று சிரித்தபடி சொன்னான். தேநீர்க் கோப்பைகளோடு வாசற்படியில் நின்றிருந்த லதாவின் முகம் அவன் கண்ணில் பட்டது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அப்போது வழியில்லை. ஸயாமா திருப்தியாக எழுந்து போனார்.

அன்று மாலை லதா பேச்சைப் பயிற்சி செய்யவில்லை. தலைவலி என்றாள். மறுநாள் துணி துவைக்க வேண்டும் என்றாள். அதற்கடுத்த நாள் காரணமே சொல்லவில்லை. சிவநாதன் மூன்றாம் நாள் தானாகவே, "அந்தக் கொடி விஷயம் பாதில நிக்குதே" என்று இழுத்துப் பார்த்தான். அவள் அரிசியில் கல் பொறுக்குவதில் மும்முரமாக இருந்தாள்.

விஷயம் வெளிவந்தது தோசைக்கடையில்தான். லதாவோடு படிக்கும் ஸமீரா என்ற பெண் தோசை வாங்க வந்தவள், லதா அக்காவுக்கு இடுப்புவலி இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். என்ன இடுப்புவலி? ஆலையில் நின்று வேலை செய்ய முடியாது, என் இடத்தை ஸமீராவுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அக்கா ஸயாமாவிடம் சொல்லிவிட்டாரே, உங்களுக்குத் தெரியாதா? விஜயகுமாரி தோசையைத் திருப்ப மறந்தாள். அந்த ஒரு தோசை கருகிப்போனதை அவள் பிறகு பல பேரிடம் சொல்லிக்காட்டினாள்.

கடையை அப்படியே பக்கத்துப் பூக்காரியிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். சிவநாதன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

"ஒக்காரு," என்றாள். "அந்த டீச்சரம்மாகிட்ட நீ என்னடா சொன்ன? அஞ்சு வருசம் போகட்டும், வீட்டுக்கு ஒரு குறையும் இல்லேன்னா? உன் சம்சாரம் போறதுல குறையே இல்லியா உனக்கு?"

"ஆநாதேயில சொன்னதுதான்க்கா..."

"அதான். அது பொய்யின்னு அவளுக்குத் தெரியும். இவருக்கு இஷ்டமில்ல, வாய் தொறந்து சொல்ல மாட்டாரு, நாமளே வெலகிக்கிடுவோம்னு அவ ஒரு பொய்யச் சொல்லிட்டு வந்திருக்கா. நீ அவளுக்காக ஒரு பொய், அவ உனக்காக ஒரு பொய். இந்த வீட்டுல உள்ளதச் சொல்றவ நான் ஒருத்திதான். என்னைத்தான் ஊரே வாயாடிங்குது."

"இப்ப என்னக்கா செய்ய?"

"உனக்கு அவ போகணுமா, வேணாமா? அத முதல்ல எனக்குச் சொல்லு."

சிவநாதன் வெகுநேரம் லுங்கி முனையை முறுக்கிக்கொண்டிருந்தான். இரண்டும்தான் என்றான் கடைசியில். விஜயகுமாரி அவனைத் திட்ட வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கினாள். அவளும் புருஷனை வாரிக் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டில் இருப்பவள்தான். "அப்ப ரெண்டையும் சொல்லு," என்றாள். "ஒண்ண மட்டும் சொல்றதுதான்டா பொய்யி."

அவன் அன்று வேலைக்குப் போகவில்லை. நேரே வகுப்பு நடக்கிற இடத்துக்குப் போனான். ஸயாமாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றவனைப் பார்த்ததும் அவருக்கே முகம் மாறிவிட்டது. லதா விலகிக்கொண்டதை அவர் இன்னும் ஓச்சி அம்மாளுக்குச் சொல்லவில்லையாம். நேர அட்டவணையை அனுப்பியாயிற்று, அவ்வளவு பெரியவரிடம் போய் மாற்றம் சொல்ல அவருக்கும் ஆநாதே. ஸமீராவோ, தனக்கு அடுத்த முறையே போதும், இன்னும் எழுத்துகளே சரியாக வரவில்லை, லதா அக்காவிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாமல்தான் சரி என்றேன் என்று அதே மூலையிலிருந்து மெல்லச் சொன்னாள். சிவநாதனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ஊரே இப்படி ஒருவர் மனம் நோகாமல் ஒருவர் பார்த்துக்கொண்டு, போகிற வழியெல்லாம் தடுக்கி விழுந்துகொண்டிருக்கிறது.

இடம் இன்னும் அவளுடையதுதான் என்ற உண்மையை, வீட்டுக்கு வந்து லதாவிடம் அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் இன்னொரு வலியைக் கண்டுபிடித்திருப்பாள். ஸயாமா சொல்லி அனுப்பினார் என்றான். அந்த அம்மாள் தன் வேலையை விட்டுவிட்டு நேரம் ஒதுக்கிவிட்டார்களாம், போய் உட்காராவிட்டால் மரியாதையில்லையாம், முகத்தைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றான். பெரியவரைக் காக்க வைப்பதா? லதா பெட்டியைத் திறந்து அவனுடைய நல்ல லுங்கியை எடுத்து வைத்தாள். அவளுக்கும் அந்தக் குணம்தானே.

நேர்காணல் காலையில் ஸயாமாவின் வகுப்பறையில் நடந்தது. மின்சாரம் இல்லை, வராந்தாவில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் நரைத்த தலையும் ஆலைச் சட்டையுமாக ஒரு அம்மாள் தெரிந்தார். பின்னால் ஜன்னல், அதற்கும் பின்னால் கொஞ்சம் கடல். லதா பேசத் தொடங்கினாள். முதல் இரண்டு வாக்கியம் தடுமாறியது. தீவைச் சொன்ன இடத்தில் குரல் தெளிந்தது, கையும் பேச ஆரம்பித்தது. சிவநாதனுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் எந்த இடத்தில் இருக்கிறாள் என்பது புரிந்தது. இது நீரோட்டம். இது பாறைக் குழி. இது சீனக் கரையில் இறங்கிய பாவம். அதை விட்டுவிடு, முதலாளி அம்மாளுக்குப் பிடிக்காது என்று ஸயாமா சொல்லியிருந்தார், விடாமல் சொல்லுகிறாள். இது கொடி. இது கப்பலில் ஏறி உட்காருகிற ஆள்.

முடிந்ததும் ஓச்சி அம்மாள் எதையோ கேட்டார், லதா பதில் சொன்னாள், இருவரும் தலை தாழ்த்திக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மாளின் பார்வை சிவநாதன் பக்கம் திரும்பியது. ஸயாமா பர்மியத்தில் சொன்னார்: மனைவி மூன்று வருஷம் வெளிநாட்டில் இருப்பதில் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கிறார்.

"யாபா..." என்று ஆரம்பித்து அவன் நிறுத்தினான். பர்மியத்தில் அவனுக்கு மரியாதையாகப் பேசத்தான் தெரியும். அந்த மொழியில் வாயைத் திறந்தால் இந்தச் சொல்தான் வரும். அவன் லதாவின் பக்கம் திரும்பினான்.

"நான் தமிழ்ல சொல்றேன். நீயே அவங்களுக்குச் சொல்லு."

ஸயாமாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். லதா கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஸயாமாகிட்ட நான் சொன்னது நெசமில்ல. இவ போறதுல எனக்கு இஷ்டமில்ல. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நான் வாயே தொறக்க வேணாம், எனக்கு என்னான்னு இவளுக்கே தெரியும். இவ இல்லேன்னா நான் பேசிப் பழகணும். இந்த வயசுல அதுக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா இவ போகணும். இதையும் நெசமாத்தான் சொல்றேன். இத்தனை நாளா இந்தக் கடலப் பத்தி இவ எனக்குச் சொன்னா. சொல்றப்ப இவ முகத்தப் பாத்தேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படி ஒரு முகத்த நான் பாத்ததில்ல. அது இவளுக்கு இருக்குன்னே எனக்குத் தெரியாது. எனக்குச் சோறு பொங்கறதுக்காக அந்த முகத்த வீட்டோட வெச்சுக்கிட்டா அது இருக்காது, மங்கிப் போயிரும்." அவன் திரையின் பக்கம் திரும்பினான். "அம்மா, அந்தக் காலத்துல உங்க கடலுக்கு அசலூர்க் கப்பல் வந்தா, உங்க ஆள் ஒருத்தர் ஏறி உக்காந்துக்கிட்டாத்தான் பத்திரமாப் போகுமாம். எங்க ஆத்துலயும் அதான் வழக்கம். வழி காட்டுற பைலட் ஏறாம எந்தக் கப்பலும் உள்ள வராது. இப்ப இவ உங்க தண்ணிக்கு வர்றா. நான் கூட வர முடியாது. உங்க ஆள் ஒருத்தர் இவகூட இருக்கணும். அவ்வளவுதான்."

லதா குனிந்தபடி இருந்தாள். கெடுத்துவிட்டோமோ என்று சிவநாதனுக்குத் தோன்றியது.

அவள் நிமிர்ந்து திரையைப் பார்த்து ஜப்பானிய மொழியில் சொன்னாள். நிதானமாகத்தான் சொன்னாள். ஆனால் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஓச்சி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, சட்டை ஓரத்தில் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு பேசினார். இப்போது லதா அவனுக்குத் தமிழில் சொன்னாள்.

அந்த அம்மாளின் புருஷன் கப்பலில் இன்ஜின் பார்த்தவராம். பல மாதம் வீட்டில் இருக்க மாட்டாராம். அதனால்தான் கல்யாணமான பெண்களின் புருஷன்மாரைக் கூப்பிட்டு இதைக் கேட்பாராம். எல்லோரும் ஒரு வருத்தமும் இல்லை என்றுதான் சொல்வார்களாம். இஷ்டமில்லை என்று சொன்னவரை இப்போதுதான் பார்க்கிறாராம். ஆலைக்குப் பக்கத்திலேயே அவர் வீடு. லதாவின் படகில் தானே ஏறிக்கொள்வதாகச் சொல்லச் சொன்னார். ஆனால் அந்தக் காலத்தில் அதற்குக் கூலி உண்டு, தெரியுமில்லையா என்றும் கேட்கச் சொன்னார்.

சிவநாதன் யோசிக்காமல், "எங்க அக்கா தோசை மாவு குடுத்து விடும்" என்றான். லதா சிரித்துவிட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை மொழிபெயர்க்க அவளுக்கு நேரம் பிடித்தது. திரையிலிருந்த அம்மாள் தோசை என்றால் என்ன என்று கேட்டார்.

மழைக்காலம் முடிந்ததும் வரச் சொன்னார்கள். ஸயாமா இருவரையும் வாசல்வரை வந்து வழியனுப்பினார். கோ சிவநாதன் தமிழில் என்ன சொன்னார் என்று கேட்கத் துடித்தது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் கேட்கவில்லை. அவருக்கு ஆநாதே.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இருந்தது. சற்று ஒதுங்கி, வெயில் படாத சுவரோரம் நின்றுகொண்டார்கள். இடுப்புவலியைப் பற்றி அவன் கேட்கவில்லை. ஆனால் இன்னொன்றைக் கேட்காமல் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"நான் அவ்வளவு நீளமாப் பேசினேன். நீ சுருக்கா முடிச்சிட்டியே. எல்லாத்தையும் சொன்னியா?"

"இஷ்டமில்லேன்னு சொன்னீங்கன்னு சொன்னேன். போகணும்னு சொன்னீங்கன்னும் சொன்னேன். பைலட் கதையச் சொன்னேன்."

"அந்த முகத்தப் பத்தி?"

அவள் எங்கோ பார்த்துக்கொண்டு, "அத விட்டுட்டேன்" என்றாள்.

"ஏன், அதுக்கு அவங்க பாஷைல வார்த்தை தெரியலியா?"

"தெரியும்."

பஸ் வந்தது. அது நிற்குமுன்பே ஆட்கள் முண்டியடித்தார்கள். அந்த நெரிசலில் லதா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுத்தெருவில் அவள் அப்படிச் செய்கிறவளே இல்லை.

"அது எனக்குச் சொன்னதுங்க," என்றாள். "அவங்களுக்கு எதுக்கு?"